எத்தனைக்கு எத்தனை? – வாசகர் கேள்வி, பதில்

போன இதழில், வீட்டில் அடிக்கடி வாங்குகிற பாக்கெட்டின் உறையைத் தூக்கிப் போடாமல் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிக்கலாம் என்று கேட்டிருந்தேன். தபாலில் வந்த கவர்களைப் பிரித்தபோது பிஸ்கட் தூளும் மசாலா வாசனையுமாக மேசை நிறைந்துவிட்டது. கும்பகோணத்தில் உணவு ஆலோசகராக இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வீட்டு அடுப்படிகள் ஒரே நாளில் என் மேசைக்கு வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் இந்த இதழில் இடமில்லை. அவசரம் என்று பட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.

அன்புள்ள அக்கா, என் மாமியாருக்கு 64 வயது. சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. டீயில் சீனி போடுவதே இல்லை. காலையும் சாயந்தரமும் டீயோடு கேழ்வரகு பிஸ்கட் நாலு நாலு கொடுக்கிறேன். பாக்கெட்டில் சர்க்கரை 4.4 கிராம், 9 சதவீதம்தான் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் போன தடவை ரத்தப் பரிசோதனையில் கூடியிருந்தது. நான் தெரியாமல் இனிப்பு கொடுக்கிறேனோ என்று நாத்தனார் கேட்கிறார். உறையை வைத்திருக்கிறேன், பாருங்கள்.
– வாசகி, வலங்கைமான்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த உறையை நாத்தனாரிடமும் காட்டுங்கள்.

முன்பக்கம் முழுக்கக் கேழ்வரகுக் கதிர். பின்பக்கத்தில் அட்டவணை இருக்கிறது, ஆனால் உறையை ஒட்டிய மடிப்புக்குள் பாதி போய்விட்டது. நகத்தால் பிரித்து, மேசையில் தேய்த்து நிமிர்த்தின பிறகுதான் எனக்கே படிக்க முடிந்தது. அதில் 4.4 கிராம் உண்மைதான். ஆனால் அந்த வரிசைக்கு மேலே பொடி எழுத்தில் 'பெர் சர்வ், 20 கிராம்' என்று இருக்கிறது. இரண்டு பிஸ்கட்டுக்கு என்று அர்த்தம்.

என் அப்பா பாபநாசத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். யாராவது வந்து துவரம்பருப்பு என்ன விலை என்றால், எடுத்தவுடனே விலை சொல்ல மாட்டார். "எத்தனைக்குக் கேக்குறீங்க?" என்பார். கால் கிலோவுக்கா, ஒரு கிலோவுக்கா, மூட்டைக்கா என்று தெரியாமல் சொல்லும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்பது அவர் கணக்கு. நானும் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். எண்ணை அப்புறம் பார்க்கலாம், எத்தனைக்கு என்று முதலில் பாருங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். ஒரு பிஸ்கட் 10 கிராம். மாமியார் ஒரு நாளைக்கு எட்டு சாப்பிடுகிறார், அதாவது 80 கிராம். சர்க்கரை நாலு மடங்காகி 17.6 கிராம் வருகிறது. என் அறையில் சின்னத் தராசும் ஒரு சீனி டப்பாவும் எப்போதும் இருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் டம்ளரில் அந்த அளவு நிறுத்துப் பார்த்தேன். தலை தட்டின டீ ஸ்பூனில் மூன்றரைக்கு மேல் போனது. டீயில் போடாமல் காப்பாற்றிய சீனி முழுக்க பிஸ்கட் வழியாக உள்ளே போயிருக்கிறது.

அதோடு முடியவில்லை. 'டோட்டல் சுகர்ஸ்' என்ற வரிக்கு மேலேயே 'கார்போஹைட்ரேட்' என்ற வரி இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாவுச்சத்தும் வயிற்றுக்குள் போய் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. உங்கள் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 68 கிராம். எட்டு பிஸ்கட்டுக்கு 54 கிராமுக்கு மேல். ஒரு கிண்ணம் சோற்றில் உள்ளதற்குக் குறையாது. மத்தியானம் சோற்றைக் குறைத்துக்கொண்டு, டீ வேளையில் அதே அளவைத் திரும்பச் சாப்பிட்டிருக்கிறார்.

கேழ்வரகு எங்கே என்று கேட்பீர்கள். 'இன்கிரீடியன்ட்ஸ்' என்று தொடங்கும் பத்தியைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும், குறைவது கடைசிக்குப் போக வேண்டும் என்பது சட்டம். உங்கள் உறையில் முதலில் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமாயில். நாலாவதாகத்தான் கேழ்வரகு மாவு, 8 சதவீதம். ஒரு பொருளைப் பெயரிலோ படத்திலோ தூக்கிக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று போட்டாக வேண்டும், அதனால் போட்டிருக்கிறார்கள். அந்த 8 என்ற எண்ணைப் பார்த்த பிறகு முன்பக்கக் கதிரைத் திரும்பப் பாருங்கள்.

நீங்கள் நம்பின 9 சதவீதம் வேறு. அது ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்று வைத்துக்கொண்டு, அதில் இந்த இரண்டு பிஸ்கட்டின் பங்கு எவ்வளவு என்று சொல்கிறது. அட்டவணையின் கடைசிச் சதவீத வரிசை முழுக்க, ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடும் சராசரி ஆளுக்குப் போட்ட கணக்கு. கொழுப்பு 67 கிராம், நிறைகொழுப்பு 22 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம், எல்லாம் அந்த ஆளுக்குத்தான். ஒன்பது வருடமாகச் சர்க்கரையோடு இருக்கும் உங்கள் மாமியார் அந்த ஆள் இல்லை.

பிஸ்கட்டை ஒரே நாளில் பிடுங்காதீர்கள், வயதானவர்களுக்கு அது மனவருத்தமாகிவிடும். காலையில் இரண்டு இருக்கட்டும். சாயந்தரம் ஒரு கைப்பிடி சுண்டலோ வறுத்த வேர்க்கடலையோ கொடுத்துப் பாருங்கள். மாத்திரை அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. சர்க்கரைக்குப் பல பெயர் உண்டு. லிக்விட் குளுகோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், கார்ன் சிரப் எல்லாம் ஒரே குடும்பம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் அதே குடும்பம்தான், அதைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று வரும். அது சர்க்கரைக் கணக்கில் பெரும்பாலும் வராது, ஆனால் ரத்தத்தில் வேகமாக ஏற்றிவிடும். 'நோ ஆடட் சுகர்' என்று எழுதிய பாக்கெட்டில் இதைத் தேடிப் பாருங்கள்.

எல்லாம் சரி அம்மா, எனக்கு 71 வயது, எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பாக்கெட்டில் ஒரு வரி தமிழ் இல்லை. கண்ணும் தெரியவில்லை. நான் என்னத்தைப் படிப்பது?
– வாசகர், குத்தாலம்

ஐயா, இந்தப் பையில் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் வலித்தது உங்களுடையதுதான். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்றுதான் விதி. மற்ற மொழிகளைக் கூடுதலாக, விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளலாம். விளம்பரத்தைத் தமிழில் செய்யத் தெரிந்தவர்களுக்கு சோடியத்தையும் தமிழில் எழுதத் தெரியும். எழுத வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறேன்.

அதுவரைக்கும் ஒரு வழி. பேரன் பேத்தியின் போனில் கேமராவைத் திறந்து, பாக்கெட்டுக்கு மேலே பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கச் சொல்லுங்கள். பூதக்கண்ணாடியைவிட நன்றாகத் தெரியும். போட்டோ எடுத்துவிட்டால் வெளிச்சத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். எல்லா வார்த்தையும் வேண்டாம். ரத்தக்கொதிப்பு இருந்தால் 'சோடியம்' என்ற ஒரு சொல்லின் வடிவத்தை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் 'கார்போஹைட்ரேட்', 'ஆடட் சுகர்ஸ்'. ஒரு அட்டையில் பேத்தியை எழுதித் தரச் சொல்லி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். என்னிடம் வரும் ஒரு பெரியவர் இப்படித்தான் செய்கிறார், கடைக்காரப் பையனே இப்போது அவருக்காகப் பார்த்துச் சொல்கிறானாம்.

பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். பாக்கெட்டில் உப்பு என்றே ஒரு வரி இல்லையே மேடம்?
– வாசகர், நீடாமங்கலம்

சோடியம் என்று இருப்பதுதான். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 2000 மில்லிகிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு, தலை தட்டின ஒரு டீ ஸ்பூன். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்க அதற்குக் கீழே இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

என் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். 100 கிராமுக்கு 5000 மில்லிகிராம். யாரும் 100 கிராம் ஊறுகாய் சாப்பிடுவதில்லை. ஆனால் தயிர் சாதத்துக்கு ஒரு பெரிய ஸ்பூன், 15 கிராம் வைத்துக்கொண்டால் 750 மில்லிகிராம், கிட்டத்தட்ட 1.9 கிராம் உப்பு. ஒரு நாள் பங்கில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அந்த ஒரு ஸ்பூனிலேயே போய்விட்டது. அப்பளம், வடகம், மோர் மிளகாய் இதில் சேரவில்லை. உப்பு கரிக்காத பண்டத்திலும் சோடியம் இருக்கும். ஆப்ப சோடா, அஜினோமோட்டோ என்று நாம் சொல்கிற ஐ.என்.எஸ். 621 (உணவில் சேர்க்கும் பொருளுக்குப் பாக்கெட்டில் போடுகிற எண்), கெடாமலிருக்கப் போடும் சோடியம் பென்சோயேட் ஐ.என்.எஸ். 211, எல்லாமே அந்த எண்ணிக்கையில் சேரும்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை நீங்களாக வாங்கிவிட வேண்டாம். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்தாகலாம். டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

ஏழு வயதுப் பையனுக்குத் தினமும் இரண்டு வேளை பாலில் சத்துப் பானப் பொடி கலந்து கொடுக்கிறேன் அக்கா. அது இல்லாவிட்டால் பாலைத் தொட மாட்டான். தொடரலாமா?
– வாசகி, நன்னிலம்

இதற்கு என் அப்பா கதையைத்தான் சொல்ல வேண்டும். கடையை விட்டு ஓய்ந்த பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. உடம்பு இளைத்துக்கொண்டே போனதால் தெம்புக்கு என்று யாரோ சொல்லி, பாலில் மால்ட் பொடி போட்டுக் காலையும் இரவும் குடித்தார். நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். நாலு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது அடுப்படி அலமாரியில் அந்த டப்பாவைப் பார்த்தேன். திருப்பினேன். 100 கிராமுக்கு 32 கிராம் சர்க்கரை. பொருள் பட்டியலில் இரண்டாவது இடம். இரண்டு வேளைக்கு 40 கிராம் பொடி, கிட்டத்தட்ட 13 கிராம் சர்க்கரை, தினமும். நாற்பது வருடம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டே வியாபாரம் பண்ணின மனிதர், பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்ததால் கேட்க முடியாமல் போய்விட்டார். அந்த டப்பாவின் மூடியை இன்றைக்கும் என் மேசையில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைத் தளங்களிடம், இப்படிப்பட்ட பானங்களை அந்தத் தலைப்பில் வைக்காதீர்கள் என்று சொன்னது.

உங்கள் பையனுக்குச் சர்க்கரை நோய் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாலின் ருசி அவனுக்குத் தெரியவே இல்லை. வாரத்துக்கு வாரம் ஸ்பூனைக் குறையுங்கள். இரண்டு ஸ்பூன் ஒன்றரை ஆகட்டும், ஒன்றரை ஒன்றாகட்டும். ஏலக்காய் தட்டிப் போடுங்கள். பால் பாக்கெட்டிலும் படிக்க விஷயம் இருக்கிறது. நீலப் பாக்கெட் ஆவினில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. ஓடியாடுகிற ஒல்லிப் பிள்ளைக்கு ஆரஞ்சு வாங்கலாம், பொடிக்குக் கொடுக்கிற காசு அதற்குப் போதும்.

கோடையில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மெடிக்கலில் அட்டைப் பெட்டிப் பானம் ஒன்றை ஓ.ஆர்.எஸ். என்று கொடுத்தார்கள். குடித்த பிறகு போக்கு அதிகமானது போல் இருந்தது. என் பிரமையா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பிரமை என்று சொல்ல மாட்டேன். ஓ.ஆர்.எஸ். என்பது போக்கில் போன தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் கரைசலில் குளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். 100 மில்லிக்கு 1.35 கிராம் குளுகோஸ்தான் வருகிறது. உங்கள் கையில் இருந்த பெட்டியில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். ஆறேழு மடங்கு இருந்தால் அது வெறும் இனிப்புப் பானம். சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கைக் கூட்டும். இந்த அளவுகளுக்கு ஒத்து வராத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே இருக்கக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு எங்காவது இருக்கலாம், கண்ணைத் திறந்து வாங்குங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஓ.ஆர்.எஸ். பொடி கொடுப்பார்கள். உறையில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அதே அளவு, கொதித்து ஆறின தண்ணீரில் முழு உறையையும் கரையுங்கள். பாதி உறை, பாதி டம்ளர் என்று கண்ணளவில் வேண்டாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, கண் உள்ளே போய்விட்டாலோ எதையும் கரைத்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கோயில் வாசலில் விளக்குக்கு வாங்கின நெய் மீந்துவிட்டது. பொங்கலில் ஊற்றலாமா?
– வாசகி, திருநாகேஸ்வரம்

ஊற்றவே கூடாது அம்மா. பாட்டிலில் கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கிறதா பாருங்கள். மனிதர் சாப்பிட அல்ல என்பதற்கான குறி அது. சைவத்துக்குச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம், விளக்கு நெய்க்கும் விளக்கேற்ற மட்டும் விற்கிற எண்ணெய்க்கும் இந்தப் பெருக்கல். குறி இல்லாவிட்டாலும், 14 இலக்க உணவு உரிம எண் இல்லாத நெய்யை அடுப்படிக்குள் கொண்டுபோகாதீர்கள். கோயில் ஊர்களில் இரண்டு நெய்யும் ஒரே அலமாரியில் இருக்கும், பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். விளக்கு நெய்யைப் பூஜை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

எங்கள் ஊர்க் காபிப் பொடியில் 'சிக்கரி 40 சதவீதம்' என்று இருக்கிறது. கலப்படமா?
– வாசகர், கும்பகோணம்

இல்லை. கலந்திருக்கிறோம் என்று எழுதிவிட்டால் அது கலவை, எழுதாமல் விட்டால்தான் கலப்படம். காபி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. சிக்கரி ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. அதில் காஃபீன் கிடையாது. டிகாஷனுக்கு நிறமும் அடர்த்தியும் கொடுக்கும். நம் ஊர் டிகிரி காபியின் டிகிரி பாலின் தரத்தைச் சொன்ன பேச்சு என்பார்கள் பெரியவர்கள், ஆகவே சிக்கரிக்காக மானக்குறைவு ஒன்றுமில்லை. காபி விலையில் சிக்கரி வாங்குகிறோமா என்று மட்டும் பாருங்கள். கடையில் அரைத்து வாங்கினால் விகிதத்தை வாய்விட்டுக் கேளுங்கள்.

ரேஷன் அரிசியில் நடுநடுவே மஞ்சளாக, வழவழப்பாக அரிசி வருகிறது. கழுவும்போது மிதக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்று தெருவே பேசுகிறது. பொறுக்கிப் போடுகிறோம்.
– வாசகி, மன்னார்குடி

நெல் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு அரிசியைப் பார்த்துப் பயப்படும்படி ஆகிவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. அது பிளாஸ்டிக் இல்லை. மூட்டையின் மேல் நீல நிறத்தில் ஒரு கூட்டல் குறியும் ஆங்கில எஃப் எழுத்தும் இருக்கும், அடுத்த தடவை கடையில் கேட்டுப் பாருங்கள். செறிவூட்டப்பட்ட உணவு என்று அர்த்தம். அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, மிஷினில் திரும்ப அரிசி வடிவத்தில் பிழிந்து எடுப்பார்கள். நூறு சாதா அரிசிக்கு ஒன்று என்று சேர்ப்பார்கள். மாவிலிருந்து செய்ததால் நிறமும் வழவழப்பும் கொஞ்சம் மாறி இருக்கும், சிலது மிதக்கும். ரத்தசோகை நம் பெண்களிடம் எவ்வளவு என்று என் அறைக்கு வருகிற முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அவர்களுக்காகச் சேர்த்ததைத்தான் பொறுக்கி எறிகிறோம்.

வீட்டில் யாருக்காவது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள், களையும்போது மேலே மிதந்து வருவதைத் தண்ணீரோடு கொட்டிவிடாமல் கையால் அணைத்துப் பிடித்து, மற்ற அரிசியோடு சேர்த்தே உலையில் போடுங்கள்.